அண்ணன் சாமான் வாங்கிய விதம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். முப்பது ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தவள் நான். இறந்தபின் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்: அன்பானவர், பண்பானவர், சிரித்த முகத்தினர். அண்ணன் சிரித்த முகத்தினர் அல்லர். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். ஆகவே அவர் சாமான் வாங்கிய விதத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் பலர் இத்தனை வருடம் சிரித்தது அதைப் பற்றித்தானே.

அண்ணன் கிள்ளான் நகரத்து இரயில்வே குடியிருப்பில் பிறந்தார். அப்பாவுக்கு மாற்றலானதும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். பள்ளியில் படிவம் ஐந்து, அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தார். ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

ஆண்டுக்கொரு முறை, ஒரே கடையில், ஒரே சாம்பல் நிறத்தில் ஏழு பருத்திச் சட்டைகள் வாங்குவார். கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் சீட்டை அங்கேயே வெட்டச் சொல்வார். அது உறுத்தினால் அன்றைக்கு அவருக்கு வேறெதுவும் ஓடாது. புதிதாகத் திறந்த சூப்பர்மார்க்கெட்டுக்கு ஒருமுறை அழைத்துப் போனோம். விளக்குகளின் ரீங்காரமும் ஒலிபெருக்கியும் சேர்ந்ததில், காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கல்யாணப் புடவைக்காக மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். அம்மா அதில் பாதி கேட்டார். கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"மொதல்ல சொன்ன வெல பொய்யா பாஸ்?" என்று கேட்டார் அண்ணன்.

"பொய்யில்ல தம்பி. அம்மா மொகத்துக்காகக் கொறைக்கிறேன்."

"அம்மா வராட்டி?"

கடையே திரும்பிப் பார்த்தது. கூட வந்திருந்த அத்தை அவர் கையைக் கிள்ளி, "வாய மூடுறா! கல்யாணக் காரியம் லா இது" என்றார். கடைக்காரர் புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். குடும்ப மானம் போய்விட்டதாக அன்றிலிருந்து பேச்சு. ஒரு நேர்க்கேள்வியில் போகிற மானம் எப்படிப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் அம்மா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே பெரிய மாமா ஒரு படிவத்துடன் வந்தார். அம்மாவும் அண்ணனும் இருந்த அடுக்குமாடி வீட்டைக் காலிசெய்து, அண்ணனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதற்கான படிவம் அது. 'அன்றாடத் தேவைகளைத் தாமே வாங்கிக்கொள்ள இயலாதவர்' என்னும் கட்டத்தில் குறியிட்டு, நெருங்கிய உறவினராக நான் கையொப்பமிட வேண்டும்.

"போடும்மா. அலமாரியில ஒரு டின்னு மாறினா அர மணி நேரம் நிக்கிறவன், எப்படித் தனியா இருப்பான்?"

"போடலாம் மாமா. ஆனா கீழ பாருங்க, 'நேரில் கண்டு உறுதி செய்கிறேன்'னு இருக்கு. நீங்க கண்டீங்களா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே லா!"

"அதுக்கு இதுல கட்டம் இல்ல மாமா. சனிக்கிழம நாலு மணிக்கு வாங்க."

மாமா வந்தார். அண்ணன் முன்னே போக, நாங்கள் பத்தடி பின்னே நடந்தோம். ஹமீது நானாவின் மளிகைக்கடை வாசலில் அரிசி லோரி உறுமிக்கொண்டு நின்றது. அது ஓயும்வரை அண்ணன் எதிர்ப்பக்கம் காத்திருந்தார். பிறகு உள்ளே போய், இடப்பக்கத்திலிருந்து வரிசையாக எடுத்தார்: அரிசி, பருப்பு, எப்போதும் வாங்கும் அதே பிஸ்கட். பால்மாவு டின்னில் கை நின்றது. புதுப் படம், புது நிறம். டின்னைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினார்.

"பாத்தியா?" என்றார் மாமா. படிவம் என் கைப்பையில்தான் இருந்தது.

நானா அந்தப் பக்கம் வந்தவர்களை வேறு வழியாகப் போகச் சொன்னார். நெடுநேரம் கழித்து அண்ணனின் ஆட்டம் நின்றது. டின்னைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார்.

"நானா, அம்பது கிராம் கொறஞ்சிருக்கு. வெல அதேதான்."

நானா கண்ணாடியை மாட்டிப் படித்தார். "அட, ஆமா! விக்கிற எனக்கே தெரியல. உள்ள பழசு ரெண்டு கெடக்கு, எடுத்துக்குங்க அண்ணே."

மாமாவின் கூடையிலும் அதே புது டின் கிடந்தது. கூடவே, அவர் வாங்குவதற்கென்று வந்திராத மூன்று சர்பத் போத்தல்களும், அவற்றுக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் வாளியும்.

"படிவத்துல யாரு பேர எழுதட்டும் மாமா?"

"ஒனக்கு வாய் ரொம்ப நீளம்" என்றார்.

அந்தக் கட்டத்தில் 'நேரில் கண்டேன், பொருந்தாது' என்று எழுதிக் கையொப்பமிட்டு, தேதியும் போட்டு, ஒரு நகலை மாமாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

எல்லாம் சுலபமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பழைய டின்கள் தீர்ந்தபின் வேறு பால்மாவுக்கு மாற அண்ணனுக்கு மூன்று வாரம் பிடித்தது. அதுவரை கறுப்புத் தேநீர் குடித்தார். ஆனால் அதன்பின் அந்த வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் விருப்பப்படியே வாழ்ந்தார். அங்கே தேவையில்லாத பொருள் ஒன்றுகூட இருந்ததில்லை. உங்கள் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை, நாலு மணிக்கு அண்ணன் கடைக்கு வரவில்லை. நாலேகாலுக்கு ஹமீது நானா கடையைப் பூட்டிவிட்டு, மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். பிறகு உடைத்தார். பக்கவாதம் வந்து அண்ணன் தரையில் கிடந்தார். மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஆன்டி, உங்க அண்ணனுக்கு ஆட்டிசம் இருந்திருக்கும்னு நெனக்கிறேன்" என்றார் அங்கிருந்த இளம் மருத்துவர். "இத்தன வருஷத்துல யாரும் சொல்லலையா?"

"அதச் சொல்லல டாக்டர். மத்ததெல்லாம் சொன்னாங்க."

அந்த மருத்துவருக்கும், கட்டிலுக்கு மேலிருந்த விளக்கை அணைத்து வைத்த தாதியருக்கும், இறுதிச் சடங்குக்கு விடுப்பு எடுத்து வந்த அச்சகத் தோழர்களுக்கும் நன்றி. ஹமீது நானாவுக்குச் சொல்ல எனக்குச் சொல் போதவில்லை.

சுங்கை வே பகுதியில் இப்போது நான் தனியாக இருக்கிறேன். எங்கே மலிவோ அங்கே வாங்குகிறவள். ஒரு சனிக்கிழமை நான் போகாவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு என்னைத் தேடி வர எந்தக் கடைக்காரரும் இல்லை.