அப்பா என்னிடம் சொல்லாதது

இங்கிலாந்தில் சிறுநீரியல் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் ஒரு முதியவர், தன் தொல்லையெல்லாம் ‘வாட்டர்வொர்க்ஸ்’தான் என்றார். கும்பகோணம் பக்கம் வளர்ந்த எனக்கு அது நகராட்சிக் குடிநீர் நிலையம். அங்கே எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்று அக்கறையாகக் கேட்டேன். பிறந்ததிலிருந்து என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர் இருமல் வரும்வரை சிரித்தார். சிறுநீர்ப் பாதைக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் அது என்று நர்ஸ்தான் பிறகு சொன்னார்.

இந்தப் பிரிவுக்கு வரப்போகும் தம்பி தங்கைகளே, நீங்கள் முதலில் நோயாளியின் முகத்தையல்ல, படுக்கையோரம் தொங்கும், சிறுநீர் சேரும் பையைத்தான் பார்க்கப் பழகுவீர்கள். என்ன நிறம், ரத்தக்கட்டி இருக்கிறதா, ராத்திரி எவ்வளவு இறங்கியது. மற்றவர்கள் போட்டு இறங்காத சிறுநீர்க் குழாயைப் போட உங்களைக் கூப்பிடுவார்கள். அறுவை அரங்கில் பெரும்பாலும் மூத்தவர் செய்வதைத் திரையில் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது, இங்குள்ள ஆண்கள் பேசும் விதம். எங்கே நனைந்தது, எப்படி முக்கினார்கள் என்பதையெல்லாம் மகள் வயதுள்ள என்னிடம் மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

என் அப்பா திருப்பனந்தாள் பக்கம் குறுவையும் சம்பாவும் போடுகிறவர். நான் இந்தத் துறையை எடுத்தபோது, “வேற ஒண்ணும் கெடைக்கலையாம்மா?” என்று கேட்டார். ஊரில் விசாரித்தவர்களிடம் கிட்னி டாக்டர் என்று சொல்லி வைத்தார்.

ஆரோக்கியராஜ் என்னோடு தஞ்சாவூரில் மருத்துவம் படித்தவன், அப்பாவுக்கும் பழக்கமானவன். அங்கேயே இதே துறையில் மேற்படிப்பு படிக்கிறான். நான் திரை பார்த்து நிற்கும் நேரத்தில் அவன் தன் கையால் சிறுநீரகக் கல் உடைத்துக்கொண்டிருப்பான். அந்தப் பொறாமை எனக்கு முன்பே உண்டு. அது சின்னப் பொறாமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்தான். என் அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டதாம். அம்மாவிடம்கூடச் சொல்லாமல், வலியோடு பஸ் ஏறி அவனிடம் போயிருக்கிறார். குழாய் போட்டாயிற்று, புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்றான்.

“ரொம்ப நாளாவே தொல்லை இருந்திருக்கு, மலர். அடிக்கடி எனக்கு போன் பண்ணுவாரு. உன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னுட்டாரு.”

ஒவ்வொரு வாரமும் நானும்தான் அவரோடு பேசினேன். ஆற்றில் தண்ணீர் வந்ததா, நடவுக்கு ஆள் கிடைத்தார்களா என்று கேட்பேன். அவரும் அதைத்தான் சொல்வார். இந்த ஊரின் கிழவர்கள் எல்லாம் என்னிடம் திறந்த கதவை அப்பா அவனிடம் திறந்திருக்கிறார். நன்றி சொல்வதற்குப் பதில் நான் அவனைக் குடைந்தேன். உப்புச்சத்து பார்த்தாயா, கிருமி இருக்கிறதா, என்ன மாத்திரை கொடுத்தாய்? எங்காவது ஒரு தப்பு செய்திருப்பான் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அன்று மாலை அப்பாவைக் கூப்பிட்டு, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“பொம்பளப் புள்ளகிட்ட இத எப்படிம்மா சொல்றது?”

“நானும் டாக்டர்தாம்ப்பா.”

“டாக்டருதான். ஊருக்கெல்லாம் பாரு. எனக்கு நீ பொண்ணுதானே.”

அறுவை அந்த வாரமே நடந்தது. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சிறுநீரில் ரத்தம் வருவது குறைந்துவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று ஆரோக்கியராஜ் செய்தி அனுப்பினான். எனக்கு அது போதவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வீடியோவில் அழைத்தேன். அப்பாவின் முகம் வந்தது. சவரம் செய்யாத முகம். சாப்பிட்டியாம்மா என்று கேட்டது. பையைக் காட்டுங்கப்பா என்றேன். முகம் மாறியது. போனைப் படுக்கையில் மல்லாக்க வைத்துவிட்டார்.

திரையில் தஞ்சாவூர் வார்டின் மின்விசிறி மட்டும் சுற்றியது. எரியுது தம்பி என்று அப்பா சொல்வது கேட்டது. குழாயை எடுத்ததும் சரியாகிவிடும் என்று பக்கத்தில் நின்ற ஆரோக்கியராஜ் சமாதானம் சொன்னான். பிறகு இருவரும் சம்பாவுக்கு எந்த விதை விடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். என் பெயரை யாரும் எடுக்கவில்லை. குளிருக்குக் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, இந்த ஆஸ்பத்திரி நடையில் நின்றபடி நான் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.