முன்சீட்டு உருவம்

கார்களின் முகப்புத் திரையில் அசையும் படங்களை வடிவமைப்பது என் வேலை. முன்சீட்டில் எடை ஏறினால் திரையில் ஒரு சிறு மனித உருவம் ஒளிரும். ஆள் இறங்கினால் அரை நொடியில் மங்கி மறையும். முதன்முதலாக எங்கள் காரில் அதைக் காட்டியபோது மனைவி சிரித்தாள். "ஏனுங்க, நான் எறங்குனா அரை நொடியில மறந்துருவீங்களா?"

அவள் இறந்தபின் முதன்முறையாகக் கொல்லிமலையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். அவள் இருந்தவரை எப்போதும் பின்சீட்டில் வரும் பலாப்பழத்தை மாமியார் முன்சீட்டில் வைத்தார்.

"பின்னால உருளுமுங்க மாப்ள. முன்னால எடம் சும்மாதான கெடக்குது."

சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் பழத்துக்கு பெல்ட் போட்டுவிட்டார்.

உருவம் ஒளிர்ந்தது. மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்கியும் அணையவில்லை. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். பழத்தைத் தூக்கினால் அரை நொடிதான்.