செபமாலையரின் மனைவிமார்

சமூகவியல் படித்தவனைச் சுகாதாரத் தொண்டனாக்கினால், காய்ச்சலைவிடக் காவலரணைப் பற்றித்தான் அதிகம் கற்றுக்கொள்வான். கையில் துண்டுச்சீட்டோடு வெயிலில் கால் கடுக்க நின்ற ஊரவர் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஊர் வருத்தம்

ஒருவன் நோயில் விழுந்தால் சமூகம் அவனைக் கடமைகளிலிருந்து விடுவிக்கும் என்று விரிவுரையில் சொல்லித் தந்தார்கள். அந்தக் கோட்பாட்டோடுதான் யுத்த காலத்தில் அடம்பன் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆமியின் காவலரணைத் தாண்ட வேண்டும். டொக்டர் எழுதித் தந்த துண்டு உள்ள நோயாளியை விடுவார்கள். துணைக்கு அந்த நோயாளியின் மனைவியை விடுவார்கள். மற்றவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வயல் செய்யும் கமக்காரர் செபமாலையருக்கு நாள்பட்ட மூச்சிழுப்பு வருத்தம். மாதா மாதம் துண்டு கிடைக்கும். மாதம் பிறந்தால் அவர் வீட்டு வாசலில் பெண்கள் கூடிவிடுவார்கள். மன்னாரில் தடுப்புக்காவலில் இருக்கும் மகனைப் பார்க்க ஒருத்தி, பிள்ளைப்பேற்றுக்குக் கிடக்கும் மகளைப் பார்க்க இன்னொருத்தி. யாருக்கு அவசரமோ அவள் அந்த மாதம் அவர் மனைவி. உடம்பு நன்றாக இருந்த மாதத்திலும் மனிதர் புறப்பட்டார். ஏன் என்று கேட்டேன்.

"என்ன செய்ய தம்பி, இந்த வருத்தம் இப்ப ஊர்ச்சொத்தெல்லோ?"

உண்மையான மனைவி

மரியம்மா அக்கா ஒருமுறைகூடக் கணவரோடு போனதில்லை. எனக்கே மனம் பொறுக்காமல், "ஒருக்கா நீங்கள் போங்கோவன்" என்றேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே சொன்னார்:

"என்ர மனுசனை நான் வீட்டில பாக்கிறன். அந்தப் பொம்பிளையளுக்குத் தங்கட பிள்ளையளைப் பாக்க வேற வழி இருக்கோ?"

காவலரணில்

மாரி மழை தொடங்கியதும் செபமாலையருக்கு மூச்சு அடைத்தது. இந்த முறை நடிப்பில்லை, உதடு நீலமாகிவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மரியம்மா அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தார். காவலரணில் பல மாதமாக நின்ற அதே சிப்பாய். அக்காவை உற்றுப் பார்த்தான். நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவன் கேட்கவில்லை; மனைவியைச் சிங்களத்தில் 'நோனா' என்று சொல்லிக் கத்தினான்.

"போன மாசம் வேற நோனா. அதுக்கு முந்தியும் வேற நோனா. இது பொய் நோனா!"

இன்னொரு துண்டு

அவரை மட்டும்தான் விட்டார்கள். மறுநாள் காலை வார்ட்டில் தனியாக இறந்துபோனார் என்று செய்தி வந்தது. யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. மரியம்மா அக்கா கிளினிக்குக்கு வந்தார். அழவில்லை.

"உடம்பை எடுக்கப் போகவேணும் தம்பி. நான்தான் அவரின்ர மனுசி எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ."

நோயாளியைச் சமூகம் கடமைகளிலிருந்து விடுவிக்கும் என்று எழுதித்தான் நான் பட்டம் வாங்கினேன்.