கடை இன்சூரன்ஸில் நாலு பெயர், ஓட்டுவது ஐந்தாவது ஆள்

இன்று காலை ஆபீஸில் ஒரு பட்டியல் டைப் செய்தேன். நாலே நாலு பெயர்.

அதில் என் பெயர் இல்லை.

(நான் இங்கே லைக் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் ஆள். இன்று முடியவில்லை.)

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் ஊர்ப் பக்கம் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓனர் நம்ம ஊர் அங்கிள். எங்கள் வீட்டிலேயே முதல் டிகிரி என்னுடையது. அந்த பி.காம். இங்கே பில் போடவும், ஃபைல் அடுக்கவும், கார் ஓட்டவும் பயன்படுகிறது.

ஆமாம், கார் ஓட்டவும்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு, கார் வாஷுக்கு, முக்கியமாகக் கோயிலுக்கு. எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சாவியைக் கோயில் வாசலில்தான் வாங்குவார்கள். நல்ல நேரத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அர்ச்சகர் பொட்டு வைத்து, டயர் எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்கிய பிறகுதான் டெலிவரி. ஒரு வருடமாக அந்த வண்டிகளை ஓட்டிப் போவது நான்.

இப்போது கடை இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் நேரம். கடை வண்டிகளை யார் யார் ஓட்டுகிறார்கள் என்று பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் பாலிசியில், பெயர் உள்ளவர் இடித்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பெயர் இல்லாதவர் இடித்தால் அவர் பாடு.

அங்கிள் டீ குடித்துக்கொண்டே சொன்னார், நான் டைப் செய்தேன். முதலில் அவர். அடுத்து ஆன்ட்டி (ஹைவே பக்கமே போக மாட்டார்). மூன்றாவது மெக்கானிக். நாலாவது மகன் கார்த்திக். அவன் டெக்ஸாஸில் படிக்கிறான். தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தாலும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்.

"அவ்ளோதாம்மா. ஏஜென்ட்டுக்கு அனுப்பிடு."

அனுப்பிவிட்டேன். கேட்க வாய் வரவில்லை.

அடுத்த நிமிடம் என் மேசையில் ஒரு சாவி. ராகு காலம் பத்தரைக்குத் தொடங்குகிறதாம், கஸ்டமர் குடும்பத்தோடு கோயிலில் நிற்கிறாராம், சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம்.

போன மாதம் ரூட் 22 ஹைவேயில் ஒரு டிரக் என் லேனுக்குள் நுழைந்தது நினைவுக்கு வந்தது. எப்படியோ பிரேக் பிடித்தேன். சந்தேகம் வந்து, இப்போது போன வருடப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதே நாலு பெயர்.

அதாவது, அன்று இடித்திருந்தால் நான் யாருமே இல்லை!

சாவியைத் தொடாமல் மெதுவாகச் சொன்னேன். "அங்கிள், லிஸ்ட்ல என் பேர் இல்லையே."

சிரித்தார். நான் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தானாம், என்னைச் சேர்த்தால் ப்ரீமியம் ஏறிவிடுமாம். பிறகு அந்த வசனம்.

"நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா. உனக்கு எதுக்குப் பேப்பர்ல பேரு? ஏதாச்சும் ஆனா நான் பாத்துக்க மாட்டேனா?"

பொங்கலுக்குப் புடவை கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னார். அன்று எனக்குக் கண் கலங்கியது. இன்று காது சுட்டது.

"கார்த்திக்கும் வீட்டுப் பையன்தானே அங்கிள். அவன் பேரு இருக்கே."

சாவியை அவரே எடுத்துக்கொண்டார். "படிச்ச பொண்ண வேலைக்கு வச்சா இதான்" என்று கதவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். இந்த வேலைக்காக எத்தனை மாதம் வொர்க் பெர்மிட்டுக்குக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அப்போது போன் அடித்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட். அமெரிக்கப் பெண்மணி. பட்டியலை வாசித்துவிட்டு, கடை வண்டிகளை ஓட்டுகிறவர்கள் இவ்வளவு பேர்தானா என்று சாதாரணமாகக் கேட்டார்.

'ஆமாம்' என்றால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

"இல்லை. இன்னொருவர் இருக்கிறார். தினமும் ஓட்டுகிறவர் அவர்தான்" என்றேன். பெயர் கேட்டார். என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். (நீளமான பெயர். பாவம், இரண்டு முறை கேட்டார்.)

மதியம் அங்கிள் திரும்பினார். கையில் பிரசாதப் புளியோதரை, இரண்டு டப்பா. ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"அங்கிள், ஏஜென்ட் கூப்பிட்டாங்க. என் பேரையும் குடுத்துட்டேன். திருத்தின ஃபார்ம் திங்கட்கிழமை வருமாம், நீங்க சைன் பண்ணணுமாம்."

"ஆறிடப் போகுது, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடை வண்டி ஓட்டுகிற நண்பர்களே, உங்கள் பெயர் எந்தத் தாளிலாவது இருக்கிறதா? கேட்டிருக்கிறீர்களா?

திங்கட்கிழமை அங்கிள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஐந்தாவது பெயரைத் தன் கையாலேயே அடித்து நீக்க வேண்டும்.

அவர் வீட்டுப் பொண்ணு எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருப்பாள்.