வாள்பிடியில் ஒரு வெள்ளிச் சின்னம்

இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய வாளைப் பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவர் ஒருநாள் எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சரணடைந்த ஓர் அதிகாரி அவர் கையில் கொடுத்ததாம். பெயர் தெரியாது. கண்ணை மூடுவதற்குள் அந்த அதிகாரியின் குடும்பத்திடம் அதைச் சேர்த்துவிட வேண்டும் என்று தவித்தார். என் கணவர் படமெடுத்து, இன்டர்நெட்டில் வாள்களை ஆராய்கிற ஒருவருக்கு அனுப்பினார்.

மறுநாளே பதில். சாதாரண ராணுவ வாள்தான். ஆனால் பிடியின் நுனியில் கறுப்பு வட்டமாக ஏதோ இருக்கிறது, அது எல்லா வாளிலும் இருக்காது, கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.

கணவர் ஆபீஸ் போய்விட்டார். வேலைக்குப் போக முடியாத டிபென்டன்ட் விசாவில் வீட்டோடு கிடந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? நகத்தால் சுரண்டினேன். வெள்ளி! கறுத்த வெள்ளியைப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை. லிவர்மோர் கோயில் விபூதியைக் கொட்டி, பழைய வேட்டித் துணியால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மூன்று இலைகள், நடுவில் ஒரு பூ.

"அடிப்பாவி! பழைய சாமானை பாலிஷ் பண்ணக் கூடாதுன்னு அந்த சைட்லயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான். வேல்யூவே போயிடும்" என்று சாயங்காலம் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"போனாப் போகட்டும். அவர் என்ன விக்கவா போறார்? முதல்ல போட்டோ எடுங்க."

புதுப் படத்தைப் பார்த்த ஆராய்ச்சிக்காரர் ஒரு பத்தி முழுக்க என்னைத் திட்டியிருந்தார். அடுத்த பத்தியில் அவரே துள்ளிக் குதித்தார். அது குடும்பச் சின்னமாம். சில அதிகாரிகள் தங்கள் வீட்டுச் சின்னத்தை வெள்ளியில் செய்து பதித்துக்கொள்வார்களாம். இந்தச் சின்னம் அபூர்வம், ஜப்பானில் விசாரிக்கிறேன் என்று எழுதியிருந்தார். செருப்புக்கூடப் போடாமல் கிழவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆராய்ச்சிக்காரர் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார், வாளும் ஜப்பானுக்குப் போனது. ஐந்து மாதம் கழித்து அங்கிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அதிகாரியின் தங்கை யாரையோ கொண்டு எழுதியிருந்தார். கிழவருக்குக் கண் மங்கல், நான்தான் வாசித்தேன். அண்ணன் ஊர் திரும்பவில்லை, கைதி முகாமிலேயே இறந்துவிட்டார். வாளுக்கு ஒரே வரியில் நன்றி. மீதியெல்லாம் கேள்வி. சரணடைந்த அன்றைக்கு அண்ணன் மெலிந்திருந்தாரா? சாப்பிட்டவர் போலத் தெரிந்தாரா?

கிழவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"நான் வாளைத்தான் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை" என்றார். அதை அப்படியே பதிலாக எழுதச் சொன்னார்.