பாயின் சிலிண்டரில் ஐந்தரைக் கிலோ

எங்கள் செல்லூர்ச் சந்தில், ஒரு நேர்மையான மனிதரைக் கம்ப்யூட்டர் வைத்துத் திருடனாக்கிய பெருமை எனக்கு மட்டும்தான் உண்டு. அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. தலைக்கனத்துக்குக் குறைச்சலே இல்லை.

அப்பா சோடாக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் முன்னறை, பாட்டில் நிரப்பும் மெஷின் ஒன்று, பாட்டில் கழுவ ஒரு அத்தை, மூலையில் சங்கிலி போட்டுக் கட்டிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அவ்வளவுதான். சிலிண்டரை ஆரப்பாளையம் பக்கமிருந்து வண்டியில் கொண்டுவந்து இறக்குபவரை எல்லோரும் பாய் என்போம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் பசுமலையில் என் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் என்னிடம் இரண்டு ஃபங்ஷன் எழுதச் சொன்னார். ஃபங்ஷன் என்பது ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால், எண்களைப் போடப் போட விடை சொல்லிக்கொண்டே இருக்கும் சின்ன புரோகிராம். ஒன்று நல்லியல்பு வாயுவுக்கு. அதில் மூலக்கூறுகள் இடத்தை அடைக்காது, ஒன்றையொன்று இழுக்காது. பாடப்புத்தகத்தில் மட்டும் வசிக்கும் சாதுவான வாயு. இன்னொன்று, இடத்தையும் அடைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டும் கிடக்கிற இயல்பு வாயுவுக்கு. இரண்டின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

முதல் ஃபங்ஷன் ஒரு தை மாதச் சனிக்கிழமை காலையில் ஓடிவிட்டது. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில், ஒரு தப்புகூடக் காட்டாமல் ஓடியது. இரண்டாவதை எழுதும் பொறுமை யாருக்கு இருக்கிறது? நேராக முன்னறைக்குப் போய், முந்தின நாள்தான் பாய் இறக்கிய புது சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தேன். அழுத்தம் எழுபது. சிலிண்டரின் கொள்ளளவு நாற்பத்தைந்து லிட்டர், வெப்பநிலை இருபத்தெட்டு டிகிரி. மூன்றையும் போட்டேன். உள்ளே இருப்பது ஐந்தரைக் கிலோ என்று விடை வந்தது. பாயின் சீட்டிலோ முப்பது கிலோ என்று எழுதியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, சந்தோஷம். இத்தனை வருடமாக யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன். “அப்பா, பாய் நம்மள ஏமாத்துறாரு. முப்பது கிலோவுன்னு சொல்லி அஞ்சரைதான் குடுக்குறாரு” என்றேன். அத்தை பாட்டில் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

அப்பா திரையை உற்றுப் பார்த்தார். பிறகு சிலிண்டரைப் பார்த்தார். “கணக்குல தப்பு இருக்காதே?” என்று கேட்டார். இருக்காது என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு பாய்க்குப் போன் போட்டார்.

பாய் வந்ததும் அப்பா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “பாப்பா கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டிருக்கா பாய். ஒரு தடவ எடை போட்டுப் பாத்துருவோம்.”

பாயின் முகம் சுருங்கிப்போனது. “எம்மேல சந்தேகமா தம்பி?” என்று மட்டும் கேட்டார். மீட்டரைக் கழற்றி, சிலிண்டரை வண்டியில் ஏற்றி, முக்கில் இருந்த பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பக்கத்துத் தறிக்காரர் உட்பட பாதிச் சந்து பின்னால் வந்தது. நான் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

காலி சிலிண்டரின் எடையை அதன் கழுத்திலேயே அடித்திருப்பார்கள். மொத்த எடையில் அதைக் கழித்தால் முப்பது கிலோ, நூறு கிராம். நூறு கிராம் கூடவே கொடுத்திருந்தார் மனிதர்.

 பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. யாராவது ஏதாவது சொல்வதற்குள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “தப்பு எம்மேலதான் பாய். மனசுல வச்சுக்கிறாதீக.” பாய் கிளம்பிப் போனார். அப்பா சிலிண்டரை வீட்டுக்குத் தள்ளிவந்து பழையபடி மீட்டரை மாட்டினார். என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீம்புக்கு உட்கார்ந்து இரண்டாவது ஃபங்ஷனை எழுதினேன். முப்பது கிலோ உள்ளே இருந்தால் மீட்டர் எவ்வளவு காட்ட வேண்டும்? முதல் ஃபங்ஷன் முந்நூற்று எழுபதுக்கு மேல் சொன்னது. இரண்டாவது இருநூற்று முப்பத்தேழு. பரவாயில்லை, உண்மைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஆனால் மீட்டர் எழுபதிலேயே நின்றது. மாதத் தேர்வுக்கு இல்லை என்று நான் தாண்டிவிட்ட பக்கத்தில்தான் பதில் இருந்தது. கார்பன் டை ஆக்சைடை முப்பத்தொரு டிகிரிக்குக் கீழே இப்படி நெருக்கி அடைத்தால் பெரும்பகுதி திரவமாகிவிடும். திரவம் தீரும்வரை, வெப்பநிலை மாறாவிட்டால் மீட்டரும் அசையாது. ஐந்து கிலோ திரவமானாலும் எழுபது, இருபத்தைந்தானாலும் எழுபது. இரண்டு வாயு ஃபங்ஷன்களையும் வாயுவே அல்லாத ஒன்றிடம் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அந்த நிலைமை வந்தால் அது எண் எதுவும் சொல்லாது, “இது திரவம். தராசில் வை” என்று மட்டும் சொல்லும்.

கண்காட்சியில் அந்த மூன்றாவதற்காகத்தான் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. அப்பா, பாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “எங்க, என்னயக் களவாணியாக்குன பெட்டி?” என்று கேட்டபடி பாய் உள்ளே வந்தார். ஓட்டிக் காட்டினேன். “தராசில் வை” என்று வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம், “இந்தப் புள்ளைக்குச் சிலிண்டர் குடுத்தது நாந்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா தலைமையாசிரியரிடம் பேசப் போன நேரத்தில் பாய் என் பக்கம் குனிந்தார். “ஒங்கப்பாவுக்குத் தராசே வேணாம்மா. சிலிண்டரச் சாச்சு உருட்டும்போதே எம்புட்டு இருக்குன்னு சொல்லிருவாரு. ஒரு தடவ ஒரு கிலோ கொறஞ்சதையே கண்டுபிடிச்சிட்டாரு. அந்தச் சிலிண்டர நான் எறக்குனப்பவும் உருட்டி மூலையில வச்சது அவருதேன். ரொப்பிருக்குன்னு அவருக்கு நல்லாவே தெரியும்.”

தெரிந்திருந்துமா ஊர் பார்க்கத் தராசுக்குத் தள்ளிக்கொண்டு போனார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தூரத்தில் தலைமையாசிரியரிடம் என் லேப்டாப்பைக் கைகாட்டிப் பெருமை பொங்கப் பேசிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன். பாவம், இத்தனை வருட அனுபவம் இருந்தும் இவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.