ரெஜினா என்று பேர் வைத்த என் ஜெரேனியம்

ரெஜினா அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை, ஏற்காட்டில். ஹார்ட் அட்டாக்.

அப்போதிலிருந்து என் டைம்லைன் முழுக்க அவர் படம்தான். செடித் தொட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, அந்தப் படம். 'ரெஜினா ஜெரேனியத்தை உருவாக்கியவர்' என்று எழுதி ஷேர் செய்கிறீர்கள்.

அந்தத் தொட்டியில் இருப்பது என் செடி.

போய்ச் சேர்ந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள்... தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பஜார் பக்கத்தில் ஒரு லாட்ஜில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் அக்கவுண்ட்ஸ், நான் ரிசப்ஷன். இரண்டு பேருக்கும் ஜெரேனியம் பைத்தியம். பூவுக்காக வளர்ப்பது இல்லை, இலையைத் தொட்டாலே கை மணக்குமே, அந்த வகை. ரோஜா வாசம், எலுமிச்சை வாசம், புதினா வாசம்... யாரிடம் எது இருந்தாலும் ஒரு கொப்பு கேட்டு வாங்கிவிடுவோம்.

முதல் மழைக்காலத்தில் ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி அத்தனையையும் அழுக வைத்தோம். தண்டெல்லாம் அடியில் கரியாகக் கறுத்துவிட்டது.

"நம்ம ரெண்டு பேரும் சேந்து பண்ணுன கொலை. வெளிய சொல்லிப்போடாத கண்ணு" என்றார் அக்கா. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட முடியாமல் சிரித்தோம்.

பிறகு கற்றுக்கொண்டோம். மணல் கலந்த மண், காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

ஏற்காட்டை ஒட்டிய செம்மநத்தத்தில் என் வீட்டுப் பின்பக்கம், ரோஜா வாசத் தொட்டிக்கும் எலுமிச்சை வாசத் தொட்டிக்கும் நடுவில் ஒரு நாற்று தானாக முளைத்தது. விதை விழுந்து வந்தது. சுருண்ட சின்ன இலை. நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் ஒரு வாசம் வருமே, அதோடு கொஞ்சம் பன்னீர் தெளித்த மாதிரி.

அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, கண்ணைத் திறக்கவே இல்லை.

"இது உன்ர கிட்ட மட்டுந்தான் கண்ணு இருக்குது. நொம்ப பத்தரமா வெச்சுக்க."

வைத்துக்கொண்டேன். பெரிய செடியாக்கினேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு மலைப்பாதையில் பைக் ஆக்சிடென்ட். காலில் ஆபரேஷன். சேலத்தில் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன்.

"நீ அவரைப் பாரு சாமி. செடிய நான் பாத்துக்கறேன்" என்று பின்கேட் சாவியை வாங்கிக்கொண்டார் அக்கா. ஸ்கூட்டியில் வந்து தண்ணீர் ஊற்றினார். போன் செய்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். அந்த நாட்களில் என்னை அப்படிக் கேட்டது அவர் ஒருவர்தான்.

திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுக்க உடைந்த தொட்டிகள். நசுங்கிய தண்டுகள். என் நாற்றுச் செடி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"காட்டெருமை பூந்துருச்சு கண்ணு... கேட்ட சாத்தாம போயிட்டனே பாவி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். "செடிதானுங்கக்கா... போகட்டும், விடுங்க" என்று சொல்லி முகம் துடைத்துவிட்டேன். என் முந்தானையால்.

அடுத்த கோடையில் ஒரு மலர்க் கண்காட்சி. முதல் பரிசு வாங்கிய தொட்டிக்கு முன்னால் ஒரே கூட்டம். சுருண்ட சின்ன இலை. எட்டி ஒரு இலையைத் தொட்டேன். விரலில் நார்த்தங்காய். அட்டையில் 'ரெஜினா'.

"அக்கா, இது என்ர செடிங்க."

"ஒரே மாதிரி எத்தனையோ வரும் கண்ணு" என்றார், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். பின்னால் வரிசையாக, எல்லாம் அதன் கொப்பில் வந்த பிள்ளைகள். ஓரத்தில் தாய்ச்செடி. தண்டு சாயாமல் இருக்க, பழைய சேலைக் கரையைக் கிழித்து நான் கட்டிய கட்டு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. அந்தத் தொட்டிகளை மிதித்தது எந்தக் கால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீ ஊட்டுக்குள்ள பொத்தி வெச்சிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நாந்தான நாலு பேரு பாக்க வெச்சேன்?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பனேங்கக்கா... எதுக்குங்க எருமைன்னு சொன்னீங்க?"

ஒரு பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு, "அடுப்புல பால் வெச்சிருக்கறேன்" என்று உள்ளே போனார். வெளியே வரவே இல்லை. இருட்டும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு அவர் நர்சரி வைத்தார். ரிசார்ட் வாசல்களில் எல்லாம் அந்தச் செடி வந்தது. பேச்சு நின்றுபோனது.

ஒரு தடவை பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தார். திரும்பிப் பார்த்து, "ஏனுங்க... ஊட்டுக்காரர் நல்லா நடக்கறாருங்களா?" என்றார். என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினார். செடியை எடுத்துக்கொண்டதை விட, அது...

இன்று அடக்கத்துக்குப் போனேன். பெட்டியைச் சுற்றி அந்தத் தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே பெங்களூரில் இருக்கும் அக்கா மகளுக்கு என்னைத் தெரியாது. அழுது வீங்கிய முகத்தோடு ஒரு கொப்பை ஒடித்து என்னிடம் நீட்டியது அந்தப் பெண்.

"அம்மா ஞாபகமா வெச்சுக்கங்க ஆன்ட்டி. இது அம்மா கூட வேலை பார்த்தவங்க வளர்த்ததாம். காட்டெருமை மிதிச்சு, ஒரே ஒரு கொப்புதான் தப்பிச்சுதாம். அம்மாதான் அதைப் பொழைக்க வெச்சாங்க."

மகளிடமும் அதே எருமை.

"அவங்க யாருன்னு அம்மா சொன்னாங்களா கண்ணு?" என்று கேட்டேன்.

"பேர் சொன்னதில்லீங்க ஆன்ட்டி."

கொப்பை வாங்கி, பெட்டிமேல் பூக்களோடு வைத்தேன். மண் போட்டேன். வந்துவிட்டேன்.

ஒரு சாவு, நாளைக்கு லீவு வேண்டும் என்று லாட்ஜின் புது மேனேஜருக்குப் போன் செய்தேன். "நொம்ப வேண்டியவங்களுங்களா?" என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன்.

கோபம் போகலைங்கக்கா. போய்ட்டு வாங்க.